பெட்டி கட்டுமுன் ஓர் ஊசி: கேள்வி - பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஏதோ ஒரு விமான நிலையத்தைப் பார்த்தே ஓடுகின்றன. ஓடட்டும். ஓடுகிறவர்கள் கொஞ்சம் நின்று கையை நீட்டிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: பக்டரியில் டீமேக்கராக இருக்கிறேன். கென்யாவில் கெரிச்சோ என்ற இடத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை சரிவந்திருக்கிறது. அதுவும் நம்மைப் போல மலையும் குளிரும்தானாம். அப்படியென்றால் மலேரியா பயம் இல்லைதானே?
(லபுக்கலை வாசகர்)

பதில்: குளிர் உண்டு, கொழுந்து உண்டு, மலேரியாவும் உண்டு. கெரிச்சோவின் உயரம் ஏறத்தாழ 2,000 மீற்றர். நம் நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் ஏறினால் நுளம்பு ஏறாது என்ற நம் ஊர்க் கணக்கைப் பொய்யாக்கிய இடம் அது. 1990களில் அங்குள்ள தோட்டத் தொழிலாளர்களிடையே மலேரியா திரும்பத் திரும்பப் பரவி, உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் அந்தத் தோட்டங்களின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். கெரிச்சோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் கீழே இறங்கினால் விக்டோரியா ஏரிக்கரை, அங்கே மலேரியா வருடம் முழுவதும் குடியிருக்கிறது. லீவுக்குக் கீழே போய்த் திரும்புகிற ஆட்களோடு நோயும் லொறி ஏறிவிடும்.

ஆகவே தம்பி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியாத் தடுப்பு மாத்திரை, டைபோயிட், ஹெப்படைட்டிஸ் ஏ, பத்து வருடம் கடந்திருந்தால் ஏற்புவலி ஊசி. பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். கோட்டும் சூட்கேசும் கடைசி வாரத்தில் வாங்கலாம். ஊசி வேலை செய்ய நாள் எடுக்கும்.

கேள்வி: நாமே வெப்பமண்டலத்தில்தானே இருக்கிறோம்? வெள்ளைக்காரருக்குச் சொல்ல வேண்டிய புத்தியை எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்?
(புஸல்லாவை ஆசிரியர்)

பதில்: வெப்பமண்டலம் ஒன்றுதான் சேர், கிருமிகள் ஒன்றல்ல. மஞ்சள் காய்ச்சல் ஆசியாவிலேயே இல்லை, ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும்தான். மலேரியாவோ நம் நாட்டுக் கிருமியாலேயே தொற்றியதாகக் கடைசியாகக் கண்டது 2012-ல். அதற்குப் பிறகு பிறந்த உங்கள் மாணவர்களின் இரத்தத்துக்கு அந்தக் கிருமியோடு முகப்பழக்கமே கிடையாது. வெள்ளைக்காரரும் நீங்களும் அந்த வகையில் சரிசமம்.

கேள்வி: ஏஜென்சிக்காரர், மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமலே அதற்கான மஞ்சள் கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொழும்புக்குப் போய்வருகிற செலவும் மிச்சம். எடுக்கலாமா?
(தவலந்தன்னை வாசகர்)

பதில்: எடுக்கலாம், அங்குள்ள நுளம்புகள் கார்டைப் பார்த்துவிட்டுத்தான் கடிக்கும் என்று ஏஜென்சிக்காரர் எழுதித் தருவாரானால்.

ஊசி போடுகிற இடம் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். எம்.ஆர்.ஐ. என்று கேட்டால் பஸ் கொண்டக்டர்கூட இறக்கிவிடுவார். கடவுச்சீட்டை மறக்காதீர்கள், கார்டில் அந்த இலக்கமும் ஏறும். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே கார்டு செல்லுபடியாகும். இன்று ஊசி, நாளை விமானம் என்றால் கார்டு இருந்தும் இல்லாத கதைதான். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி அது. ஆகவே கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் வைத்தியரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

கார்டை நம் அரசாங்கம் ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறது தெரியுமா? டெங்குவைப் பரப்புகிற அதே ஈடிஸ் நுளம்புதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. நுளம்பு ஏற்கெனவே நம் பூச்சாடியில் இருக்கிறது. குறைவது வைரஸ் மட்டும். அதை நீங்கள் கொண்டுவந்துவிடக் கூடாது. இந்தியாவும் இதே பயத்தில்தான், கார்டில்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வந்திறங்குகிறவர்களை ஆறு நாள் வரை தனியே வைக்கிறது. திரும்பும் வழியில் சென்னையில் இறங்கித் தங்கை மகளுக்குப் புடவை எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

கேள்வி: எங்கள் பாட்டன் பூட்டன் எந்த ஊசியும் போடாமல் கடல் கடந்து வந்து, இந்த மலையையே திருத்தினார்கள். இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஊசி என்கிறீர்கள்.
(ஓய்வுபெற்ற கங்காணி, ரம்பொடை)

பதில்: பெரியவர் கோபிக்கக் கூடாது. ஊசி போடாமல் வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்த காலத்தவர்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று சரியாக எண்ணக்கூட ஆளிருக்கவில்லை. பிழைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் 'எங்கள் பாட்டன் பூட்டன்' என்று பெருமை பேச மிஞ்சியிருக்கிறார்கள். விழுந்தவர்களுக்கு ஏது பேரன்?

பிற்பாடு வந்தவர்களுக்கு மண்டபம் முகாம் இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 1914-ல் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, கங்காணி திரட்டி வந்த ஆட்களை அந்த முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைத்து, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பல் ஏற்றினார்கள். கடவுச்சீட்டு இல்லாத உங்கள் பாட்டனாருக்குத் தடுப்பூசி இருந்தது. துரைமார் அன்பினால் செய்த காரியம் இல்லை அது. கொலரா தோட்டத்துக்குள் புகுந்தால் பெரட்டுக்கு ஆள் வராது, கொழுந்து முற்றிவிடும் என்ற கணக்கு. ஆனாலும் பயணத்துக்கு முன் தடுப்பூசி என்பதை எப்போதோ, கூட்டம் கூட்டமாக, கட்டாயத்தின் பேரில் அனுபவித்தது நம் சனம்தான். அன்று கேட்காமலே கையைப் பிடித்துக் குத்தினார்கள். இன்று உங்கள் பேரன் தானாகப் போய்க் கையை நீட்டினால் அதில் என்ன குறைச்சல்?

கேள்வி: சாராயம் குடித்தால் நுளம்பு கடிக்காதாமே?
(பெயர் வேண்டாம் என்கிறார், ஊரும் வேண்டாமாம்)

பதில்: கடிக்கும். உங்களுக்குத்தான் தெரியாது.

கேள்வி: மலேரியாவுக்கு ஊசியே வந்துவிட்டதாம். பிறகு எதற்கு மாத்திரை?
(ஹெல்பொடை மாணவி)

பதில்: வந்தது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒன்றையும் 2023-ல் இன்னொன்றையும் பரிந்துரைத்தது. இரண்டும் மலேரியா மலிந்த நாடுகளில் பிறக்கும் சிறு குழந்தைகளுக்கானவை. உங்களைப் போலப் போய்வருகிறவர்களுக்கு மாத்திரைதான், தங்கச்சி.

நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியாத் தடை இயக்கம் அந்த மாத்திரையை இலவசமாகவே தருகிறது. எந்த நாடு, எத்தனை நாள், உங்கள் வயது, வேறு வருத்தம் உண்டா என்று கேட்டுத்தான் தருவார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மிச்சம் வைத்ததை வாங்கிப் போடுவது ஆகாது. சில மாத்திரைகள் வாரத்துக்கு ஒன்று, சில தினமும். வாரத்துக்கு ஒன்று போடும் மெஃப்ளோகுவின் சிலருக்குக் கெட்ட கனவு தரும். மனநோய், வலிப்பு இருந்தவர்களுக்கு அது கூடாது. கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: இவற்றில் பலவற்றை ஊருக்குத் திரும்பிய பிறகும் நான்கு வாரம் போட வேண்டும். கட்டுநாயக்காவில் கால் வைத்ததும் மாத்திரையைத் தூக்கி எறிகிற வீரர்களைத்தான் மலேரியா தேடிப் பிடிக்கிறது.

கேள்வி: சரி, எங்கோ உள்ள மலேரியா. கொத்மலையில் அது எந்தக் காலத்தில் இருந்தது? எங்களிடம் வந்து ஏன் இவ்வளவு நீட்டுகிறீர்கள்?
(கொத்மலை வர்த்தகர்)

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். நீங்கள் மாலையில் காற்று வாங்கப் போய் நிற்கிற அணைக்கட்டே இதற்குப் பதில் சொல்லும்.

கொத்மலை அணை 1985-ல் வேலைக்கு வந்தது. ஆறு மறிபட்டதும் கீழே நீரோட்டம் வற்றி, பாறைகளுக்கு இடையே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு ஓடுகிற தண்ணீர் பிடிக்காது, இப்படித் தேங்கிய தெளிந்த நீர்தான் வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அணைக்குக் கீழே மகாவலியை ஒட்டி, அதுவரை மலேரியாவைப் பெரிதாக அறியாத இடங்களில் அது வெடித்தது. கொழும்பு ஆராய்ச்சியாளர்கள் 'புதிய மலேரியாப் பகுதிகள்' என்று எழுதிவைத்த ஊர்கள் உங்கள் கடைக்குச் சரக்கு வருகிற பாதையில்தான் இருக்கின்றன.

1934-ல் மழை பொய்த்தபோதும் இதுவேதான் நடந்தது. ஆறுகள் குட்டைகளாயின, அந்த வருடமும் அடுத்த வருடமுமாக ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். பிறகு டி.டி.ரி. அடித்து, 1963-ல் நாடு முழுவதற்கும் 17 நோயாளர் என்ற அளவுக்கு இறக்கினோம். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பைத் தளர்த்தியதும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கில் ஏறியது. மறுபடி அரை நூற்றாண்டு பாடுபட்டுத்தான் 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் வாங்கினோம். 2018-லேயே, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இங்கிருந்த ஒருவருக்குத் தொற்றியது. நல்லவேளை, அத்தோடு மறித்துவிட்டார்கள். நுளம்பு ஒழியவில்லை ஐயா, கிருமிதான் ஒழிந்தது. மறுபடி கொண்டுவருகிறவர் விமானத்தில்தான் வருவார்.

கேள்வி: கூடலூரில் சித்தப்பா வீடு. ஒப்பந்தத்தில் போனவர்கள். பிள்ளைகளோடு ஒரு மாதம் போகிறோம். அங்கேயும் ஊசி கீசி வேண்டுமா?
(குடும்பத் தலைவி, புஸல்லாவை)

பதில்: 1964-ல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் பிரித்த சொந்தம், போய்ப் பாருங்கள் அக்கா. டைபோயிட், ஹெப்படைட்டிஸ் ஏ இரண்டையும் போட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைகளின் தடுப்பூசிக் கார்டை மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டி, விடுபட்டது ஏதும் உண்டா என்று கேளுங்கள்.

கூடலூரின் ஒரு பக்கம் வயநாடு, மறுபக்கம் மலப்புரம். 2018-ல் கோழிக்கோட்டுப் பக்கம் தொடங்கி, கேரளத்தில் விட்டு விட்டுத் தலைகாட்டும் நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிலிருந்து வருகிறது. அதற்கு ஊசி கிடையாது. மரத்தடியில் விழுந்த, பல் பட்ட பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்ன விடாதீர்கள். திறந்த பானையில் இறக்கிய கள்ளைச் சித்தப்பா பாசத்தோடு நீட்டினால், பாசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காடுகளில் உண்ணி பரப்பும் குரங்குக் காய்ச்சலும் இருக்கிறது. விறகுக்கோ படம் பிடிக்கவோ காட்டுக்குள் போக வேண்டாம். குரங்கு செத்துக் கிடந்த இடமென்றால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

தெரு நாய் கடித்தால், பிறாண்டினால்கூட, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மந்திரித்த கயிறு எல்லாம் பிறகு.

கேள்வி: ஹஜ்ஜுக்குப் போகும் உம்மாவுக்கு என்ன ஊசி?
(கம்பளை வாசகர்)

பதில்: மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) ஊசி, குறைந்தது பத்து நாளுக்கு முன். அது இல்லாமல் சவூதி விசா கிடைக்காது. வயதானவர் என்பதால் இன்புளுவென்சா ஊசியையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கே போனாலும் எனக்கு வயிறு போகும். என்ன எடுத்துப்போக?
(நாவலப்பிட்டி வாசகர்)

பதில்: நாலைந்து பக்கெட் ஜீவனி. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பக்கெட்டை முழுதாகக் கரையுங்கள்; அரைப் பக்கெட் சிக்கனம் வேண்டாம். போத்தல் தண்ணீரைத் தேடித் தேடி வாங்கிவிட்டு, அதில் குழாய்த் தண்ணீர் ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படியே குழாயில் வாயை வைத்திருக்கலாம், காசாவது மிஞ்சும்.

கேள்வி: மகன் உகண்டாவிலிருந்து வந்து மூன்று வாரம். நேற்று முதல் குளிர் காய்ச்சல். பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்திருக்கிறோம். பார்த்துக்கொள்ளலாமா?
(தாய், ரம்பொடை)

பதில்: அம்மா, இதற்கு மட்டும் வேடிக்கைப் பதில் இல்லை; உங்களுக்கு நேரடியாகவே சொல்லியனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். அங்குள்ள கொடிய வகை மலேரியா சில நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒரு சிக்கல்தான்: மலேரியா ஒழிந்த நாட்டில் படித்து வந்த இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. காய்ச்சல் என்றதும் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் அவர்கள் மனம் போகும். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் அஸ்பிரின், புருஃபன் வகைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வெளிநாடு போய் வந்து ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், வைத்தியர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கதிரையில் உட்காருமுன்பே 'டொக்டர், நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தவன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.