லீவிலும் வேலை பார்த்த அலுமினியம்

பெர்லினுக்குப் பக்கத்தில் நொய்பாபெல்ஸ்பெர்க். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் அலுமினியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தோட்டாக் கூட்டைப் பித்தளைக்குப் பதிலாக இதில் செய்ய முடியுமா என்று ராணுவத்துக்கு ஆசை. அலுமினியமோ அழுத்தினால் அமுங்குகிற சாது.

பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் முக்கினால் விறைத்துக்கொள்ளும். கொல்லுப்பட்டறைப் பையனுக்கும் தெரிந்த இந்த வித்தையை வில்ம் அலுமினியத்திடம் காட்டினார். 4 சதவீதம் தாமிரம், அரை சதவீதம் மக்னீசியம் சேர்த்து, 500 டிகிரிக்கு மேல் காய்ச்சி, தண்ணீருக்குள் போட்டார். அது குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி மெத்தென்று நின்றது.

1906-இல் ஒரு சனிக்கிழமை. உதவியாளர் யாப்லோன்ஸ்கி கடினத்தை அளந்து முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது, மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று பூட்டிவிட்டுப் போனார்கள் என்பது உலோகவியல் வாத்தியார்கள் வழிவழியாய்ச் சொல்லும் கதை. திங்கட்கிழமை வந்து அளந்தால் எண் ஏறிக் கிடக்கிறது! நானாயிருந்தால் கருவியைத்தான் திட்டியிருப்பேன். வில்ம் மறுபடி மறுபடி அளந்து பார்த்தார். காய்ச்சி முக்கியபின் சும்மா கிடந்தாலே போதும், நான்கைந்து நாள்வரை அது இறுகிக்கொண்டே போகிறது. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதற்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வையா பார்க்கிறார்கள்?

டியூரன் நகரத்து ஆலை உரிமத்தை வாங்கி ‘டியூராலுமின்’ என்று பெயர் சூட்டியது. முதல் உலகப் போரில் செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு இதுதான் எலும்புக்கூடு. பிற்பாடு விமானப் பட்டறைக்காரர்கள் காய்ச்சி முக்கிய ரிவெட்டுகளை ஐஸ்பெட்டியில் வைத்தார்கள். வெளியே கிடந்தால் அடிப்பதற்குள் இறுகிவிடும், குளிரில் அந்த வேலை மந்தப்படும். புளித்துவிடுமே என்று மாவை ஃபிரிட்ஜில் வைக்கிற அதே கவலை.

ஏன் இறுகுகிறது? உலகமே அதில் பறந்துகொண்டிருந்தது, காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது. 1919-இல்தான் அமெரிக்காவில் மெரிக்கா என்பவரும் கூட்டாளிகளும் ஒரு விளக்கம் சொன்னார்கள். சூட்டில் தாமிரம் அலுமினியத்துக்குள் கரைந்துவிடுகிறது. திடீரென்று குளிரவைத்தால் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. பிறகு அந்த அணுக்கள் மெல்ல நகர்ந்து ஆங்காங்கே கும்பல் கூடுகின்றன. உலோகம் வளைவதென்றால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். குறுக்கே இந்தக் கும்பல்; தெருவை அடைத்துப் பந்தல் போட்ட கல்யாண வீடு மாதிரி, வழுக்கல் அங்கேயே நின்றுவிடும்.

கும்பல் அத்தனை பொடிசு என்பதால் நுண்ணோக்கிக்கு அகப்படவில்லை. 1938-இல் பிரான்சில் கினியே, இங்கிலாந்தில் பிரெஸ்டன், ஒருவருக்கொருவர் தெரியாமலே எக்ஸ்ரே வைத்துப் பிடித்தார்கள். வில்ம் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார்.

இதில் வேடிக்கை, ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த எஞ்சினின் வார்ப்பிலும் 8 சதவீதம் தாமிரம். 1994-இல் ஆராய்ந்து பார்த்தால், அதே கும்பல் உள்ளே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. வில்ம் கண்டுபிடிப்பதற்கு 3 வருஷம் முன்னாடியே!

வில்ம்? பிற்காலத்தில் உலோகத்தைத் தலைமுழுகிவிட்டு விவசாயத்துக்குப் போய்விட்டார். போட்டதைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் தொழில். முன்அனுபவம் இருந்தது.