மதுரை மையவாதம்: ஒரு வான்தூர ஆராய்ச்சி

மதுரையை முதன்முதலில் அளந்தது ஒரு பாம்பு. தன் வாலைத் தானே கவ்வி வளைந்து நகரின் எல்லையைக் காட்டியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். அதன்பின் இத்துறையில் சொல்லிக்கொள்ளும்படி யாரும் எதுவும் செய்யவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

நமது கருதுகோள்: உலகத்தின் நட்டநடுவில் இருப்பது மதுரை. சான்று வருமாறு: மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய் நேர்கோட்டில் சுமார் 2,950 கி.மீ.; சிங்கப்பூர் சுமார் 3,015 கி.மீ. எந்தப் பக்கம் பறந்தாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மிஞ்சும் 65 கி.மீ. திண்டுக்கல் போகிற தூரம். பிரியாணிக்காகப் போய்த் திரும்புகிற தூரத்தை எல்லாம் வித்தியாசமென்று கணக்கில் எழுதுவது ஆராய்ச்சிக்கு அழகன்று. லண்டன், நியூயார்க் எல்லாம் உலகமில்லையா என்று கேட்போர், விமான நிலைய வாசலில் வேன் வேனாக வந்து இறங்கி, ஒரே ஒருவரை வழியனுப்பும் மேலூர், உசிலம்பட்டிக் குடும்பங்களை விசாரித்துத் தெளிக.

தூரம் சமம், காலம் அப்படியில்லை. துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி முன்னால். நம்மூரில் காலை 10 மணிக்கு ஏறியவர் துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்கி மதியச் சோற்றுக்கு ஆஜராகிறார். அதே நேரத்தில் கிழக்கே ஏறியவருக்கு இறங்கும்போது மணி நாலரை. அவருடைய மதியச் சோறு எந்தக் கடலின் மேல் காணாமற்போனது என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்தக் குழப்பத்துக்கு அசையாத ஒரே பயணி மல்லிகை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டாகப் பறிபட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வழியாக விமானம் ஏறுகிறது, விரிவது அந்தியில். ஊரில் ஏழு மணிக்கு விரிகிற மொட்டு, பிறந்த ஊர் மணியையே பிடித்துக்கொண்டிருந்தால் துபாயில் ஐந்தரைக்கும் சிங்கப்பூரில் ஒன்பதரைக்கும் விரிந்தாக வேண்டும். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி இக்கணக்கைக் கெடுப்பதால், பெட்டி ஆய்விலிருந்து விலக்கப்படுகிறது.

சென்னையை ஏன் சேர்க்கவில்லை என்பார்கள். சென்னை வான்வழியில் சுமார் 420 கி.மீ.; கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையமோ சுமார் 350 கி.மீ.தான். தலைநகரம் வெளிநாட்டை விடத் தொலைவில் இருக்கிறது. இதை மதுரைக்காரர்கள் கருவி எதுவும் இல்லாமலே நெடுங்காலமாக உணர்ந்து வந்துள்ளனர்.

இறுதியாக ஒரு வரம்பு. திருச்சிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்ததில் வித்தியாசம் சுமார் 40 கி.மீ.தான் வந்தது, திண்டுக்கல் அல்ல, உசிலம்பட்டி. ஆகவே திருச்சி இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது.