கொக்கோ பங்காளிகள்

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் எந்தச் சாக்லெட்டாக இருந்தாலும் பெயர் ‘கேட்பரீஸ்’தான். “அண்ணே, அந்த நெஸ்லே கேட்பரீஸ் ஒண்ணு குடுங்க” என்று ஒரு பொடியன் கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை குடும்பத்தார் அதைக் கேட்டிருந்தால் வயிறெரிந்து சாபம் விட்டிருப்பார்கள். இல்லை, விட்டிருக்க மாட்டார்கள். சாபம் விடுவது அவர்கள் மதத்தில் பாவம். கதையே அதுதான்.

இங்கிலாந்தில் மூன்று குடும்பங்கள். பிரிஸ்டலில் ஃப்ரை (சிக்கன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல), பர்மிங்காமில் கேட்பரி, யார்க்கில் ரௌன்ட்ரீ. மூவரும் குவேக்கர்கள். கிறிஸ்தவத்திலேயே கறார் பேர்வழிகள். குடி கூடாது, சூது கூடாது, சண்டை கூடாது, பகட்டு கூடாது. நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள். ‘மற்ற நேரமெல்லாம் பொய் சொல்கிறவன்தானே சத்தியம் செய்ய வேண்டும்?’ என்று நியாயம் பேசுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இவர்களுக்குப் பட்டம் தரவில்லை. பட்டாளத்துக்கு இவர்களே போக மாட்டார்கள். மிச்சம் இருந்தது கடை ஒன்றுதான். ஏழை ஜனம் ஜின்னைக் குடித்து அழிகிறதே, அதற்குப் பதில் எதையாவது சூடாக ஊற்றிக் கொடுப்போம் என்று கொக்கோவைக் கையில் எடுத்தார்கள். புண்ணியமும் ஆச்சு, லாபமும் ஆச்சு.

வியாபாரம் என்று வந்தால் போட்டி உண்டு. பொய் சொல்லாமல், பெருமை பேசாமல், யாரையும் திட்டாமல் எப்படிப் போட்டி போடுவது? போதாததற்கு, எதிராளி லண்டனில் நடக்கும் குவேக்கர் வருடாந்திரக் கூட்டத்தில் நமக்குப் பக்கத்துப் பெஞ்சுக்காரர். குவேக்கர் வழிபாட்டில் பெரும்பாலும் மௌனம்தான். அந்த மௌனத்தில் எத்தனை கொக்கோக் கணக்கு ஓடியதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மூத்த பங்காளி ஃப்ரைதான். மருந்துக்கடை ஜோசப் ஃப்ரை 1761இல் சாக்லெட் அரைக்கும் காப்புரிமையை விலைக்கு வாங்கினார். மகன் 1795இல் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தை வைத்துக் கொக்கோக் கொட்டையை அரைத்தார். 1847இல், அதுவரை குடிக்கிற சமாச்சாரமாக இருந்த சாக்லெட்டைக் கடித்துத் தின்னும் கட்டியாக வார்த்துக் காட்டியதும் இந்த வீட்டார்தான். இவ்வளவு செய்தும் பெட்டிக்கடையில் பேர் வேறு ஆளுக்கு.

அந்த வேறு ஆளின் நிலைமை ஆரம்பத்தில் பரிதாபம். ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்காமில் டீ, காபி, கொக்கோ விற்கும் கடை போட்டார். 1861இல் மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றபோது கம்பெனியில் மிஞ்சியது 11 தொழிலாளிகள். அம்மா வழிச் சொத்து ஆளுக்கு 4,000 பவுனைக் கொட்டினார்கள். காசு மிச்சம் பிடிக்க ஜார்ஜ் காலைப் பேப்பரை நிறுத்தினார். பிறகு டீயை நிறுத்தினார். டீ விற்று வளர்ந்த வீட்டில்!

அன்றைய கொக்கோவில் ஒரு தொல்லை உண்டு. கொட்டையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. கோப்பையில் ஊற்றினால் மேலே எண்ணெயாக மிதக்கும். அதை உறிஞ்ச உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி என்று எதையாவது கலப்பார்கள். நிறத்துக்குச் செங்கல் பொடி கலந்த மகராசன்களும் இருந்தார்கள். குவேக்கர்கள் செங்கல் பக்கம் போகவில்லை, மாவோடு நிறுத்திக்கொண்டார்கள். கேட்பரி சகோதரர்கள் ஐஸ்லாந்துப் பாசியைக் கலந்து ‘உடம்புக்கு நல்லது’ என்று விற்றுப் பார்த்தார்கள். ஜனம் உடம்பைப் பார்த்துக்கொண்டது, வாங்கவில்லை.

கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் செக்கு ஒன்று ஹாலந்தில் வான் ஹௌட்டன் கம்பெனியிடம் இருப்பதாகத் தகவல். ஜார்ஜ் கிளம்பிவிட்டார். டச்சு மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் அகராதி. பக்கத்தைப் புரட்டி ஒரு சொல், அப்புறம் கையை ஆட்டி ஒரு சைகை, மறுபடி புரட்டு. இப்படியே பேரம் பேசி இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். காசிமேட்டில் மீன் வாங்கும் வெள்ளைக்காரரைப் பார்த்தவர்களுக்குக் காட்சி விளங்கும்.

1866இல் மாவில்லாத கொக்கோ வந்தது. கூடவே விளம்பரம். எங்கள் சரக்கு முழுக்கச் சுத்தம், அதனால் உசத்தி. அவ்வளவுதான். பொய்யே இல்லை. மற்றவர் சரக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் படிக்கிறவன் ‘அப்படியானால் ஃப்ரை டப்பாவில் என்ன இருக்கிறது?’ என்று யோசிப்பானா, மாட்டானா? திட்டாமல் திட்டுவதில் நம் வீட்டு மாமியார்களுக்கு அடுத்தபடி ஜார்ஜைத்தான் சொல்வேன். டாக்டர்களுக்கும் இலவச மாதிரிகள் போயின. 1872இலும் 1875இலும் கலப்படத் தடுப்புச் சட்டங்கள் வந்தபோது கேட்பரியின் காட்டில் மழை.

யார்க்கில் ஜோசப் ரௌன்ட்ரீக்கு விளம்பரமே பிடிக்காது. நல்ல சரக்கு தானாக விற்கும் என்ற கட்சி. தானாக விற்கவில்லை. தம்பி வாங்கிப்போட்ட கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. மனிதர் 1872இல் லண்டனுக்குப் போய், மற்றக் கம்பெனித் தொழிலாளிகளைக் கண்டுபிடித்துப் பணம் கொடுத்துச் செய்முறைகளை விசாரித்தார். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எவ்வளவு சம்பளம், எல்லாம் நோட்டுப் புத்தகத்தில். விளம்பரம் பாவம், வேவு பாவமில்லை போலிருக்கிறது. கடைசியில் அவரைக் கரையேற்றியது கொக்கோவே அல்ல, 1881இல் ஒரு பிரெஞ்சுக்காரரின் கைப்பக்குவத்தில் போட்ட ஜவ்வு மிட்டாய்.

ஃப்ரை சும்மா இருந்தார்களா? விளம்பரத்துக்கு ஒரு சிறுவனின் ஐந்து முகங்களைப் பிடித்தார்கள். முதல் முகம் அழுகை, கடைசி முகம் ‘கையில் இருப்பது ஃப்ரை சாக்லெட்’ என்று உணர்ந்த பரவசம். நடுவில் படிப்படியாகத் தேறுகிறான். அழுகை சரியாக வரவேண்டும் என்று அம்மோனியாவில் நனைத்த துணியைப் பையன் கழுத்தில் சுற்றிப் படமெடுத்தார்களாம். ஐந்து வயதுக் குழந்தை.

1899 முடியும் நேரம் விக்டோரியா மகாராணியிடமிருந்து ஓலை வந்தது. தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு சண்டை போடும் சிப்பாய்களுக்குப் புத்தாண்டுப் பரிசாகச் சாக்லெட் வேண்டும். ராணி கேட்கிறாள், மறுக்க முடியாது. போருக்குச் சரக்கு கொடுப்பதோ பாவம். மூன்று குடும்பமும் கூடி உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டன. கொடுப்போம், ஆனால் காசு வாங்க மாட்டோம், பேரும் போட மாட்டோம். பாவத்தை இலவசமாகச் செய்தால் பாதிப் பாவம்தானே! ராணி விடவில்லை. நம் நாட்டுச் சாக்லெட் என்று என் சிப்பாய்க்குத் தெரிய வேண்டும் என்றாள். கடைசியில் உள்ளேயிருந்த சாக்லெட்டில் பேர் ஏறியது. எந்த விளம்பரதாரருக்கும் கிட்டாத விளம்பரம், மனச்சாட்சிக்கும் சேதாரம் இல்லாமல்.

மனச்சாட்சி உண்மையிலேயே மாட்டிக்கொண்ட இடம் வேறு. கேட்பரி வாங்கிய கொட்டையில் பெரும் பங்கு போர்ச்சுகீசியர் வசமிருந்த சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கே அங்கோலாவிலிருந்து பிடித்து வந்தவர்கள் பேருக்கு ஒப்பந்தக் கூலி, நிஜத்தில் அடிமை. 1901இலேயே செய்தி காதுக்கு வந்துவிட்டது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், அமைச்சகத்துக்கு எழுதினார்கள். கொட்டையும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1909 மார்ச்சில்தான் நிறுத்தினார்கள். ஃப்ரையும் ரௌன்ட்ரீயும் கூடவே. இதற்குள் ‘ஸ்டாண்டர்டு’ பத்திரிகை இந்த இரட்டை வேடத்தை நார் நாராகக் கிழிக்க, கேட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பர்மிங்காம் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: கேட்பரிக்கு வெற்றி, நஷ்டஈடு ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி. அந்த மானத்துக்கு உள்ளூர் ஜூரிகளே போட்ட விலை.

மற்றது வேகமாக நடந்தது. 1905இல் கேட்பரியின் டெய்ரி மில்க் வந்து ஃப்ரையை ஓரங்கட்டியது. 1919இல் மூத்த பங்காளி இளைய பங்காளியோடு இணைந்து, மெல்ல மெல்லக் கரைந்தே போனார். ரௌன்ட்ரீ 1935இல் போட்ட நாலு விரல் வேஃபர் பிற்பாடு கிட்கேட் ஆயிற்று. 1988இல் யார்க் கம்பெனியை நெஸ்லே வாங்கியது. 2010இல் கேட்பரியை வாங்கியது கிராஃப்ட், சீஸ் விற்கும் அமெரிக்கக் கம்பெனி.

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கெய்ன்ஷாம் என்ற ஊரில் ஃப்ரை கம்பெனி கட்டிய ஆலை ஒன்று இருந்தது. கேட்பரி அதை மூடுவதாகச் சொல்லியிருந்தது. நாங்கள் வந்தால் மூட மாட்டோம் என்றது கிராஃப்ட். கம்பெனி கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள், மூடுகிறோம் என்றது. அந்த ஊர்த் தொழிலாளிகள் ஐந்து முகத்தையும் கடைசியிலிருந்து முதலுக்குக் காட்டி முடித்தார்கள். அம்மோனியா தேவைப்படவில்லை.