பொறுப்பை ஒப்படைத்த மொதலாளி

"கம்பெனிய ஜி.எம். கையில குடுத்தாச்சுங்க. இனி நமக்கு ரெஸ்ட்டுதானுங்க."

ஆர்.எஸ்.புரத்தில் காலை நடைக்கு வரும் மொதலாளிகளில் பாதிப்பேர் இதைச் சொல்வார்கள். ஸ்டோர் ரூம் சாவி மட்டும் அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அவர்களில் ஒருவரான நம்மவருக்கு வீடு டி.வி. சாமி ரோட்டை ஒட்டிய சந்தில், பட்டறை கணபதியில். பட்டறை என்று சொன்னால் முகம் சுருங்கும், இப்போது அது 'யூனிட்'. மோனோபிளாக் பம்பு செய்கிறார். 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின் மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டினார்கள். அப்புறம் கோவையில் ஒரு லேத் வைத்திருந்தவருக்கெல்லாம் மொதலாளி ஆசை வந்துவிட்டது. நம்மவரின் அப்பாவும் அந்த வழிதான். அவர் காலத்தில் நிர்வாகம் சுலபம். லேத் ஓட்டுவதும் கணக்கு எழுதுவதும் வசூலுக்குப் போவதும் ஒரே ஆள். யார் யாரோடு சண்டை போடுவது?

மகன் காலத்தில் ஆள் பெருகிவிட்டது. அவினாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில் நடந்த தலைமைப் பண்பு வகுப்புக்குப் போய், 'டெலிகேஷன்' என்ற சொல்லோடு திரும்பினார். திங்கட்கிழமை மீட்டிங்கில் அறிவித்தார்: "அம்பதாயிரம் வரைக்கும் நீங்களே கையெழுத்துப் போட்டுக்குங்க சார். என்னைக் கேக்கவே வேண்டாமுங்க."

ஜி.எம். சென்னைக்காரர், நம்பிவிட்டார். புதன்கிழமை பேரிங் வாங்கினார்.

"ஏனுங் சார், பேரிங் வாங்குனீங்களாமா?"

"ஆமா சார், நாப்பதாயிரத்துக்கு."

"ரொம்ப நல்லதுங்க. நம்ம பையன் ஒருத்தன் கடை வச்சிருக்கறானுங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா எரநூறு ரூவா கொறச்சிருப்பானுங்க."

வியாழக்கிழமை முதல் ஜி.எம்.மின் கையெழுத்துக்கு உச்சவரம்பு ஐந்நூறு.

கொடிசியா கண்காட்சியில் பார்த்து வாங்கிய ஈ.ஆர்.பி. சாப்ட்வேரும் ஓடுகிறது. அதன் கணக்கு சரியா என்று பார்க்கத் தனியே ஒரு கோடு போட்ட நோட்டு.

இத்தனைக்கும் ஆள் முட்டாள் இல்லை. கேலி செய்ய வந்த எனக்கு அதுதான் சங்கடம். டெஸ்ட்டிங்கில் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதிர்வு மீட்டர் ஓ.கே. காட்டியது. இவர் ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடினார். "பின்பக்க பேரிங்குங்க. கழட்டுங்க." கழற்றினால், வளையத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தடம். இந்தக் காதை எந்த ஜி.எம்.மிடம் ஒப்படைப்பது? அது தெரியாமல்தான் சாவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கம்பெனிக்கு வந்த கன்சல்டன்ட் ஒருவர் இந்தப் பிடிக்கு வேறு பெயர் வைத்து, அதற்கும் பில் போட்டார்.

போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தி. ஒரு கையால் ரசம் சாதம் பிசைந்தபடி, மறு கையில் போனைப் பிடித்து சி.சி.டி.வி. பார்த்தார். ஜி.எம். நாற்காலி காலி! உடனே போன் போட்டார்.

"எங்கீங்க சார் இருக்கறீங்க?"

"உங்களுக்குப் பின்னாடி வரிசைதான் சார். நீங்கதானே சொன்னீங்க, தைரியமா கல்யாணத்துக்கு வாங்க, கம்பெனி தானா ஓடும்னு?"

மொதலாளி திரும்பிப் பார்த்தார். ஜி.எம். இலையில் பாயசம்.

"அட, சாப்பிடுங்க சார், சாப்பிடுங்க" என்றவர், எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "ரெண்டு பேரும் இங்க இருந்தா, அங்க யாருங்க?"