துண்டுக்கடியில் பேரம்

மாட்டுச் சந்தைத் தரகர் பள்ளிக்கூடம் பார்க்காதவராக இருக்கலாம். ஆனால் துண்டைப் போட்டு அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசும் முன்பே மாட்டை அவிழ்த்து எதிராளி கையில் கொடுத்துவிட மாட்டார். இந்த விவரம்கூட வர்த்தக அமைச்சகம் இருக்கும் டெல்லி வாணிஜ்ய பவனில் யாருக்கும் இல்லை என்று 2025 காட்டிவிட்டது.

அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சுக்கு நம் அரசு செய்த ஆயத்தங்களைக் கேளுங்கள். பிப்ரவரி 1 பட்ஜெட்டில், 1600 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு இறக்குமதி வரி 50 சதவீதத்திலிருந்து 30 ஆனது. நம் குடியானவன் உரமூட்டை ஏற்றிப்போகும் வண்டியல்லவா அது! பிரதமர் வாஷிங்டன் போன கையோடு போர்பன் விஸ்கிக்கு வரி 150இலிருந்து 100 ஆனது. பதிலுக்கு என்ன வாங்கினோம்? பிப்ரவரி 13 கூட்டறிக்கையில் அமெரிக்கா இந்தக் குறைப்புகளை ‘வரவேற்றது’. 2030க்குள் இருதரப்பு வணிகத்தை 50,000 கோடி டாலராக்குவது என்ற கனவுக்கு ‘மிஷன் 500’ என்று பெயரும் சூட்டியாயிற்று. பெயர் வைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

அதுவும் போதாதென்று, வெளிநாட்டு இணைய நிறுவனங்களுக்குப் போகும் விளம்பரப் பணத்தின் மீதான 6 சதவீத வரியை ஏப்ரல் 1 முதல் எடுத்தார்கள். மறுநாளே டிரம்ப் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார்: இந்தியச் சரக்குக்கு 26 சதவீத வரி. துப்பாக்கி முனையில் பேரம் பேசமாட்டோம் என்று வர்த்தக அமைச்சர் பீயூஷ் கோயல் அந்த மாதமே முழங்கினார். சரிதான். சட்டைப்பையை முன்னாலேயே கவிழ்த்துக் கொட்டியவனிடம் துப்பாக்கி எதற்கு?

பிறகு சுற்றுச் சுற்றாகப் பேசினார்கள். பேச்சு வளர்ந்தது, கடைசியில் வரியும் வளர்ந்தது. ஆகஸ்ட் 7இல் 25. ருஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்கு ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25. ஆக 50. நம்மோடு போட்டியிடும் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20.

அதே ஆகஸ்ட் 7 அன்று, டெல்லியில் எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில், விவசாயிகள் நலனில் சமரசமே இல்லை, அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்கவும் தயார் என்றார் பிரதமர். பன்னிரண்டே நாளில், பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரி நீங்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை. விதர்பாவில் கடன்பட்டு விதைத்தவன் பருத்தி எடுத்து விற்க வருவதும் அந்த மாதங்களில்தான். விலை கொடுத்தது யார் என்று புரிகிறதா? (மில்காரர்கள் இந்த வரிவிலக்கைக் கேட்டார்கள் என்பது மெய். அவர்களுக்குக் கிடைத்தது. ஆதரவு விலைக்குச் சட்டம் கேட்டுப் போன விவசாயிக்கு டெல்லி எல்லையில் சாலையில் பதித்த ஆணிதான் கிடைத்தது.)

திருப்பூருக்கு வாருங்கள். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. 50 சதவீத வரி விழுந்ததும், ஆர்டரை நிறுத்திவை என்றார்கள் பையர்கள், இல்லையென்றால் விலையைக் குறை என்றார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடிய பனியன் கம்பெனி ஒரு ஷிப்டில் நின்றால் அது சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரியும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்ணுக்கு பீஸ் இல்லையென்றால் ரேட் ஏது? அவளை எந்த ஆயத்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. வேறு யாரைக் கூப்பிட்டீர்கள் என்றால், ரகசியம். ஒப்பந்த வரைவைக் காட்டுங்கள் என்றால், தேச நலன். அமெரிக்க அதிகாரி வரிக்கு வரி படித்த காகிதத்தை இந்தியக் குடிமகன் பார்த்தால் தேசத்துக்கு ஆபத்தாம்! அப்படியென்றால் துண்டு போட்டது யார் கண்ணை மறைக்க?

நம் நாட்டில் வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் மாநிலங்களின் சம்மதம் தேவையில்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி. வேட்பாளரிடம் கேளுங்கள்: கையெழுத்துக்கு முன்னால் வரைவை அவையில் வைத்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவரக் குரல் கொடுப்பாயா, மாட்டாயா? மழுப்பினால் வாசலோடு அனுப்புங்கள்.