பாஸ் அவுட் புகழ் மாலை

பாஸ் அவுட் என்னும் பெருந்தகையே, உன்னைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு பாட்டில் இரண்டு பொருளை வைத்ததற்கே காளமேகப் புலவரை இன்றுவரை கொண்டாடுகிறோம். நீ இரண்டே அசையில் எத்தனை வேலை பார்க்கிறாய்! ஆள் மயங்கி விழுந்தால் அது நீ. தேர்வு அறையில் வினாத்தாளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனால் அதுவும் நீ. பரங்கிமலை ராணுவப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்த இளம் அதிகாரிகள் அணிவகுத்து வெளியேறும் நாளுக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் மேல், கல்லூரியில் படித்து முடித்தவர்களுக்கும் நீதான் சொல் என்று இந்தியாவில் ஒரு வேலையைக் கூடுதலாகக் கொடுத்தோம். முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டாய்.

உன் செல்வாக்கைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்துக்கு வர வேண்டும். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் இது. 1979 முதல் தொலைநிலைக் கல்வியும் நடத்திய பல்கலைக்கழகம் என்பதால், இங்கே காலெடுத்து வைக்காமலே பட்டம் வாங்கியவர்களும் ஏராளம். கல்யாண வீட்டில் இரண்டு பேர் பேசத் தொடங்கினால், "நீங்க எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்பதில்தான் சொந்தமே தொடங்கும். தேரோடும் வீதியில் பயோடேட்டா அடித்துத் தரும் கடையில் போய் நில்லுங்கள். கம்ப்யூட்டரில் பழைய ஃபைல் ஒன்று திறந்தே இருக்கும். பெயரை மாற்றுவார்கள், ஊரை மாற்றுவார்கள், மதிப்பெண்ணை மாற்றுவார்கள். "பாஸ்டு அவுட்" என்ற வரியை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட நிலைபேறு உனக்கு.

உன் நாகரிகமும் பெரிது. இந்தியாவுக்குள் நீ யாரையும் கைவிடுவதில்லை; எல்லோருக்கும் ஒழுங்காகப் புரிகிறாய். கடல் தாண்டிய பிறகுதான் கைவிடுகிறாய். எங்கள் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெருமையோடு, வெளிநாட்டு நிறுவனத்தின் நேர்காணலில் உன்னைச் சொல்வான். எதிரில் இருக்கும் அமெரிக்கருக்கு அவன் அந்த வருஷம் மயங்கி விழுந்ததாகக் கேட்கும். திருத்தக்கூட மாட்டார், சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். என்ன நடந்தது என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறாயே, அந்தக் கருணை வேறு யாருக்கு வரும்?

உன் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படிக்கிறார்கள். அத்தனை வருஷத்திலும் நீ உன் முகத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. நோட்ஸில் இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள். பாஸ் என்றால் தேர்ச்சி, அவுட் என்றால் வெளியே. இரண்டையும் கூட்டினால் தேறி வெளியே வந்தான் என்றுதானே ஆகும்? பிள்ளையின் கணக்கில் பிழையே இல்லை. ஆங்கிலத்தில் வினையோடு அப், அவுட், ஆஃப் என்று ஒரு சின்னச் சொல் சேர்ந்தால் கூட்டுத்தொகை மாறிவிடும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அது தெரியாமலே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்க முடிகிறது. அந்த வசதியைச் செய்து கொடுத்த எங்கள் தேர்வு முறைக்கும் இந்த மாலையில் ஒரு பூ உண்டு.

இன்னொரு ரகசியத்தையும் கட்டிக் காக்கிறாய். உன் வித்தை தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே அல்ல. 'எடு' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு, ஒருவர் எடுத்துக்காட்டினார், ஒருவர் கதை எடுத்துவிட்டார், ஒருவர் எடுத்தெறிந்து பேசினார் என்று ஐந்து வயதிலேயே தடுமாறாமல் பிரித்துச் சொல்கிறது. 'வந்துவிட்டான்' என்பதற்கும் 'வந்து தொலைந்தான்' என்பதற்கும் உள்ள தூரத்தை அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதைத் தொட்டுக்காட்டி உன்னை விளக்கினால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடுவாய். மொழியியலாளர் அகத்தியலிங்கம் போன்றவர்கள் தமிழ் இலக்கணத்தை ஆராய்ந்த மொழியியல் உயராய்வு மையம் இதே ஊரில்தான் இருக்கிறது. அங்கிருந்து பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறைவரை அந்த அறிவை நடக்கவிடாமல் நாங்கள் காத்துவருகிறோம். நீ பயப்பட வேண்டியதில்லை.

ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊர் சும்மா குரல் கொடுக்கவில்லை. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை உண்டு. அப்படிக் கேட்டு வாங்கிய மொழியை, அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு மனப்பாடமாக மட்டும் கொடுத்தோம். உன்னைத் தலையில் தூக்கி வைத்தோம். உன் பொருளைக் கொடுக்க மறந்தோம்.

புகழ்ந்தது போதும். ஆங்கில ஆசிரியர்களே, இந்த வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்கி, 'எடு' என்பதிலிருந்து தொடங்கிப் பாஸ் அவுட் வரை பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். பயோடேட்டா அடிக்கக் கொடுக்கும் தம்பி, தங்கைகளே, ஆங்கிலத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு 'கிராஜுவேட்டட்' என்று போடச் சொல்லுங்கள். தமிழில் யாராவது கேட்டால், பட்டம் வாங்கினேன் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். நீங்கள் மயங்கி விழவில்லை, படித்து முடித்தீர்கள்.