நாதஸ்வரமா, டி.ஜே.யா?

கேள்வி: மகனுக்கு முதல் பிறந்தநாள். மண்டபம் பிடித்தாயிற்று. மாமனார் நாதஸ்வரம் வேண்டும் என்கிறார், கொழுந்தன் டி.ஜே. என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, பெரம்பலூர்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேளுங்கள், நேரத்தை மட்டும் பிரித்துக் கொடுங்கள். உங்கள் பக்கத்து மாவட்டமான அரியலூரில், கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திர சோழன் பிறந்தநாளை ஆடித் திருவாதிரை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அவருக்கு வயது ஆயிரத்தைத் தாண்டியும் இசைக்குக் குறைவில்லை! 2025 ஜூலை 27 அன்று அங்கே இளையராஜாவே வந்து பாடினார். 2005இல் வெளியான அவருடைய திருவாசக இசைத்தொகுப்புக்கு வாசித்தது ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. மாணிக்கவாசகரும் மேற்கத்திய வயலினும் ஒத்துப்போகும்போது, மாமனாரும் கொழுந்தனும் ஒத்துப்போக மாட்டார்களா?

விருந்தினர் வரும்போது நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கட்டும். மண்டபத்தை நிறைக்க அவற்றுக்கு மைக்கே வேண்டாம். கேக் வெட்டியபின் மேடை கொழுந்தனுக்கு. ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் காது மிக மென்மையானது. ஸ்பீக்கர் பெட்டிகளைக் குழந்தை இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்து, சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு. பிறந்தநாள் நாயகன் அதற்கு வெகுமுன்பே தூங்கிவிடுவான்!

டி.ஜே.க்குத் தரும் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் கொடுங்கள்.